எலும்புக்குட்டி

பீரோவின் இரண்டாவது தட்டையும் அப்படியே வழித்துக் கட்டில் மேல் கொட்டினாள் ராஜம்மாள்.

ரேஷன் கார்டு, எல்.ஐ.சி. காகிதம், மகள் மோகனாவின் பழைய பள்ளிக்கூட பெல்ட், மூடி இல்லாத பவுடர் டப்பா, வேலூர் ஆஸ்பத்திரி சீட்டுகள். எல்லாம் இருந்தன. தேடியது மட்டும் இல்லை.

முன்னறையில் அவள் கணவர் ஆதிகேசவன் பெஞ்சில் கிடத்தப்பட்டிருந்தார். நேற்று சாயங்காலம் தோல் கம்பெனி வேலை முடிந்து வந்து, காபி டம்ளரை வாங்கி ஒரு வாய் குடித்து, "சக்கரை கம்மி" என்று சொல்லிவிட்டு, அடுத்த வாய்க்கு டம்ளரைத் தூக்குவதற்குள் போய்விட்டவர். ஐம்பத்தேழு வயது.

மணி பன்னிரண்டே கால். மூன்று மணிக்கு எடுப்பு.

"இன்னாடி தேடற? நகையா?" பக்கத்து வீட்டு சுகரா பேகம் உள்ளே வந்து கதவை ஒருக்களித்தாள். "என்கிட்ட சொல்லு. நானும் தேடறேன்."

"எலும்பு."

"இன்னாது?"

"அவரு காது எலும்பு. சின்ன பாட்டில்ல இருக்கும். ஹோமியோபதி மாத்திரை பாட்டிலு. வெள்ள மூடி."

சுகரா பேகம் இந்தத் தெருவுக்கு வந்து மூன்று வருஷம்தான் ஆகிறது. பழைய கதை தெரியாது. ராஜம்மாளின் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். "கொஞ்சம் தண்ணி குடிக்கிறியா? காலையிலேர்ந்து வாயில ஒண்ணும் போடலை நீ."

"எனக்கு ஒண்ணும் ஆவலை. மேல் தட்டுல கை வுட்டுப் பாரு. உனக்கு எட்டும்."

கதவு திறந்தது. சின்னசாமி. ஆதிகேசவனின் அண்ணன். விடியும் முன்பே மாதனூரிலிருந்து வந்து பந்தல், மேளம், குழி எல்லாவற்றையும் தன் தலையில் போட்டுக்கொண்டு அலைகிற மனிதர். தோளில் துண்டு, காதில் பாதி பீடி.

"கெடைச்சுதா?"

"இல்ல மாமா."

"நல்லா பாரு ராஜம்மா. எங்கப்பனுக்கு சக்கரை வியாதியில காலை எடுத்தாங்களே, அந்தக் காலையே துணியில சுத்தி எடுத்தாந்து பொதைச்சோம். நாலு வருசம் கழிச்சி அவரு போனப்ப அதும் பக்கத்துலயே படுக்க வெச்சோம். முழுசா வந்தவன் முழுசா போவணும். அரிசி அத்தனை இருந்தா இன்னா, அதும் என் தம்பி ஒடம்புதானே?"

அவருக்கு அது குடும்ப வழக்கம். ராஜம்மாளின் அவசரம் வேறு. இவளிடம் ஆதிகேசவன் அதிகம் கேட்டதில்லை. சேலை நன்றாகக் கட்டு என்று கேட்டதில்லை, சோற்றில் உப்புக் குறை என்று தட்டைத் தள்ளியதில்லை. கேட்டது ஒன்றே ஒன்று. அந்தப் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் குலுக்கிக்கொண்டே ஒருநாள் சொன்னார்: "நான் போற அன்னிக்கி இதையும் கூட அனுப்பிடு. மனுசனுக்கு இருநூத்தி ஆறு எலும்பாம். மேல எண்ணிப் பாப்பாங்க. ஒண்ணு கொறைஞ்சா பேஜாரு."

அவள் சிரித்துக்கொண்டே சரி என்றிருந்தாள். சிரித்துக்கொண்டு சொன்னாலும் வாக்கு வாக்குதான்.

அந்த எலும்பின் கதை ஒரு வீண்பழியில் தொடங்கியது. பழி போட்டவள் இதே ராஜம்மாள்.

ஆதிகேசவனுக்கு டிரம் வேலை. ஆள் உயரத்துக்கு மேலே இருக்கும் மர டிரம்கள், உள்ளே தோலும் மருந்துத் தண்ணீரும் புரள, நாள் முழுக்க இடி இடித்தபடி சுற்றும். அங்கே பத்து வருஷம் நின்றவன் எவனுக்கும் காது மந்தம்தான். சம்பளத்தோடு சேர்ந்து வருகிற சரக்கு என்று எடுத்துக்கொள்வார்கள். வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கல்கத்தாவிலிருந்து இரண்டு நாள் ரயிலில் உட்கார்ந்து ஜனங்கள் வந்து இறங்குகிறார்கள். இந்த ஆம்பூரிலிருந்து ஒரு மணி நேரம். பக்கத்து ஊரில் இருப்பதை யார் போய்ப் பார்க்கிறார்கள்?

எண்பத்து மூன்றில் ஆதிகேசவனுக்கும் காது குறைந்தது. ஆனால் ஒரு விசித்திரம். கம்பெனியில் அவருக்கு நன்றாகவே கேட்டது. இரண்டு டிரம்களுக்கு நடுவில், மற்றவர்கள் கையைக் காதில் குவித்து "இன்னா? இன்னா?" என்று கத்துகிற இடத்தில், சொன்னதை முதலில் பிடிப்பவர் அவர்தான். வீட்டுக்கு வந்தால் மூன்று தடவை கூப்பிட்டாலும் திரும்ப மாட்டார். அதுவும் போகட்டும், செவிடர்கள் கத்திப் பேசுவார்கள் இல்லையா? இவர் மெதுவாகப் பேசுவார். முன்னைவிட மெதுவாக.

ராஜம்மாள் தீர்ப்பு எழுதிவிட்டாள். மனுஷன் நடிக்கிறார்.

"பொண்டாட்டி பேச்சு மட்டும் கேக்காத காது" என்று குழாயடியில் சொன்னாள். கல்யாண வீட்டில் பந்தியில் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார், என்ன பேசுகிறார்கள் என்றே தெரியாமல். பதினோரு வருஷம்.

அதற்கு முற்றுப்புள்ளி வைத்தவன் நயீம் அகமது. டிரம் பக்கத்தில் அவரோடு நின்ற இளைஞன், அவருடைய தோஸ்த். தொண்ணூற்று நான்கு கோடையில், மின்வெட்டு உச்சத்தில் இருந்த வாரம், வாசலில் வந்து நின்று சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் சொன்னான்.

"அண்ணி, கரண்ட் போச்சின்னா அண்ணனுக்குக் காதும் போவுது."

"இன்னா பாய் ஒளர்ற?"

"நாலு நாளா பாக்கறேன். டிரம் ஓடும்போது கூப்பிட்டா திரும்பறாரு. கரண்ட் கட்டாவுது, டிரம் நிக்குது, ஈ பறந்தா கேக்கும். 'அண்ணே'ன்றேன். திரும்பலை. பின்னால நின்னு கை தட்டறேன். திரும்பலை. கரண்ட் வருது, டிரம் சுத்துது, கூப்பிடறேன், 'இன்னாடா'ன்றாரு. நடிக்கிறவன் கரண்டைப் பாத்தா நடிப்பான்?"

அடுத்த திங்கட்கிழமை மூன்று பேரும் வேலூர் ரயில் ஏறினார்கள்.

டாக்டர் பிரிஸ்கில்லா சின்னப் பெண். தாழ்ந்த குரல். ராஜம்மாள் தன் புகாரை அங்கேயும் வைத்தாள்: "கம்பெனியில நல்லா கேக்குதும்மா. நான் பேசினாதான் கேக்காது."

டாக்டர் எழுதுவதை நிறுத்தினாள். "சத்தமான எடத்துல நல்லா கேக்குதா? நிச்சயமா?"

"ஆமாம்மா. அதான் சொல்றேனே."

டாக்டர் ஒரு இரும்புக் கவையைத் தட்டி, அது ரீங்கரிக்க, அவர் காதுக்கு முன்னால் பிடித்தாள். உதட்டைப் பிதுக்கினார். அதையே காதுக்குப் பின்னால் எலும்பில் அழுத்தினாள். அவர் கண்கள் விரிந்தன.

"சத்தமான எடத்துல எல்லாரும் தொண்டையை ஒசத்திதான் பேசுவாங்க. அந்தக் குரல் இவருக்குப் போய்ச் சேரும். மத்த சத்தம் நம்மள மாதிரி இவரைத் தொந்தரவு பண்ணாது. வீட்ல நீங்க சாதாரணமா பேசறீங்க. அது இவர்கிட்ட போகவே இல்ல. இவர் குரல் மட்டும் எலும்பு வழியா இவருக்குப் பெருசா கேக்கும், அதான் மெதுவா பேசறார்." பிறகு சாதாரணமாகத்தான் சொன்னாள்: "இவர் நடிக்கலம்மா."

ராஜம்மாள் தரையைப் பார்த்தாள். இரண்டு வாய்களும் அசைவதை மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்த ஆதிகேசவன், வழக்கம்போல, சிரித்தார்.

டிரம் மேல் குற்றமில்லை. காதுக்குள் மூன்று குட்டி எலும்புகள். ஒன்றை ஒன்று தட்டி ஓசையை உள்ளே கொண்டுபோகிறவை. அதில் ஒன்று இறுகி, சுவரோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. டாக்டர் சீட்டின் பின்பக்கம் படம் போட்டாள். பக்கத்தில் ஒரு பெயரைத் தமிழ் எழுத்தில் எழுதினாள்: ஆஸிகிள்.

ஆதிகேசவன் அதன்மேல் விரலை வைத்து அவளைப் பார்த்தார். எட்டாவது வரை படித்தவர். அர்த்தம் தெரியாமல் ஒரு வார்த்தையைத் தாண்டிப் போகமாட்டார்; தினத்தாளில்கூட.

டாக்டர் எழுந்து வந்து அவர் காதருகில் குரலை உயர்த்தினாள். அந்த வராந்தாவுக்கே கேட்டது. "லத்தீன்னு ஒரு பழைய பாஷை. அதுல எலும்புக்கு 'ஓஸ்'னு பேரு. சின்ன எலும்பா இருந்தா பின்னால ஒரு வால் சேத்து 'ஓஸிகுலும்'னு செல்லமா சொல்வாங்க. நாம ஆட்டுக்குட்டி, நாய்க்குட்டின்னு சொல்றோம்ல, அந்த மாதிரி. அதுதான் ஆஸிகிள்!"

"அப்போ எலும்புக்குட்டி," என்றார் ஆதிகேசவன் மெதுவாக.

டாக்டர் பேனாவோடு நின்றுவிட்டாள். "எங்க வாத்தியாருங்க இவ்வளவு நல்லா சொல்லித் தரலைங்க."

குட்டிகள் மூன்றுக்கும் தனித்தனிப் பேர் உண்டாம். ஒன்று சுத்தி. ஒன்று பட்டடை. ஒட்டிக்கொண்டது மூன்றாவது, உடம்பிலேயே சின்னது: குதிரையில் ஏறுகிறவர் காலை வைக்கிற வளையம், அங்கவடி.

"எங்க மாப்பிள்ளை ஊர்வலத்துல இருக்கும்ல, ரகாப்," என்றான் நயீம்.

"அதேதான். ஆனா பழைய ரோமாபுரிக்காரங்ககிட்ட அது கெடையாது. காலைத் தொங்கவிட்டுக்கிட்டுத்தான் குதிரையில போவாங்க. பொருளே இல்ல, அதனால பேரும் இல்ல. ரொம்ப காலம் கழிச்சி, 'நிக்கிறது', 'பாதம்'னு ரெண்டு வார்த்தையை ஒட்டவெச்சி ஸ்டேப்பிஸ்னு புதுசா ஒண்ணு கட்டினாங்கன்னு சொல்றாங்க. நானூறு வருசத்துக்கு மேல ஆச்சு, இத்தாலியில ஒரு டாக்டர் கண்ணுல இந்த எலும்பு பட்டுது. அச்சு அசல் அங்கவடி. அந்தப் பேரையே வெச்சிட்டாங்க."

நயீம் இதை மறுபடி அவர் காதில் கத்தினான். ஆதிகேசவன் யோசித்தார். "பேரு வெக்கறதுக்கு முன்னாடியும் அது வேலை செஞ்சினுதான் இருந்திருக்கும், பாவம்."

மரத்துப்போக ஊசி போட்டு, முழிப்பாக வைத்தே ஆபரேஷன் செய்தார்கள். எலும்புக்குட்டியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு சிறு பிளாஸ்டிக் தண்டை வைத்ததும், டாக்டர் பிரிஸ்கில்லா முகமூடிக்குள்ளிருந்து சாதாரணக் குரலில், "ஆற்காடு மக்கன் பேடா" என்றாளாம். மேஜைமேல் படுத்திருந்தவர், "இப்பவா? சாப்பிடலாமா?" என்று கேட்டாராம். உள்ளே ஒரே சிரிப்பு. இதை ராஜம்மாளிடம் சொன்ன நர்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

எடுத்த எலும்பு உடையாமல் முழுசாக வந்தது அபூர்வம் என்றார்கள். அவர் கேட்டு வாங்கிக்கொண்டார். நொய்யரிசியில் பாதி. இரண்டு கால், ஒரு அடித்தட்டு.

வலது காது மட்டும்தான். இடது காதையும் செய்துகொள்ளலாம் என்று டாக்டர் சொன்னபோது, "ஒண்ணு போதும்மா. அந்தக் கட்டிலை வேற யாருக்கனா குடுங்க" என்றுவிட்டார்.

கட்டுப் பிரித்து வீட்டுக்கு வந்த அன்று, பதினான்கு வயது மோகனா, "அப்பா, தண்ணி வேணுமா?" என்று பின்னாலிருந்து கேட்டாள். "யாரு அது?" என்றார். மூன்று வயசுக் குரல்தான் அவருக்குத் தெரியும்.

ராஜம்மாளுக்குப் பழக்கம் விடவில்லை. ஒரு மாசம் போல, அவர் முதுகுக்குப் பின்னால் சட்டியை உருட்டிக்கொண்டே தன்பாட்டுக்குத் திட்டுவாள். "ஒரு சாமானை எடுத்த எடத்துல வெக்கறாரா இந்த மனுசன்..." கூடத்திலிருந்து பதில் வரும்: "கேக்குதுடி."

பத்து வருஷம் அந்த ஒரு வார்த்தை வீட்டில் புழங்கியது. நடிக்கிறார் என்று அவள் ஊருக்கே சொன்னதை அவர் ஒரு தடவைகூட எடுத்ததில்லை. அந்தப் பேச்சே தன் காதில் விழாதது போல நடந்துகொண்டார். அவளும் மன்னிப்பு என்று ஒன்றும் கேட்கவில்லை. கேட்க வாய் வரவில்லை.

அந்தப் பாட்டில்தான் இப்போது இல்லை.

மணி ஒன்று. மேல் தட்டில் ஒன்றுமில்லை. சட்டைப் பைகளில் இல்லை. அரிசி டின்னுக்குப் பின்னால் இல்லை. ஷூ கம்பெனி யூனிபார்மைக்கூட மாற்றாமல் நேற்றிலிருந்து அப்பாவின் காலடியில் உட்கார்ந்திருந்த மோகனாவை உள்ளே கூப்பிட்டாள்.

"அப்பா பாட்டிலு எங்கடி?"

மோகனா தலையைக் குனிந்தாள். "அப்பா எடுத்துனு போனாரும்மா. ஒரு வாரம் இருக்கும். உன்கிட்ட சொல்லாதன்னாரு."

"யார் கிட்ட குடுத்தாரு?"

"நயீம் மாமாவைக் கேளு."

வாசலில் பைக் சத்தம். நயீம் அகமது. கம்பெனியில் சொல்லிவிட்டு, மாலையோடு வந்திருந்தான். இப்போது அவனும் நாற்பதைத் தாண்டிவிட்டான். மாலையைப் போட்டுவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றவனை, ராஜம்மாள் கையைப் பிடித்து உள்ளே இழுத்து வந்தாள்.

"பாய், எலும்புக்குட்டி எங்க?"

அவன் முகம் மாறியது. "வேலூர்ல இருக்குது அண்ணி."

"வேலூர்லயா?"

"அண்ணன் அதைச் சும்மா வீட்ல வெச்சினு இருக்கலை. உங்களுக்குத் தெரியாதா? எவனுக்குக் காது மந்தம்னாலும் அவன் பக்கத்துல போய் உக்காந்துடுவாரு. முதல்ல கரண்ட் போனப்ப கூப்பிட்டுப் பாப்பாரு. அப்புறம் பாட்டிலைக் காட்டுவாரு. 'டிரம்மு மேல பழி போட்டுட்டு சும்மா இருக்காத, போய்க் காட்டு'ம்பாரு. ஒம்போது பேரு போயிருக்காங்க. எல்லாருக்கும் இந்த எலும்பு இல்ல. மூணு பேருக்கு டிரம்மாலதான் போச்சி, ஒண்ணும் செய்ய முடியலைன்னுட்டாங்க. ரெண்டு பேருக்கு மெஷின். நாலு பேரு ஆபரேஷனாயி நல்லா இருக்காங்க. போறவன் பயந்தான்னா பாட்டிலைக் கையில குடுத்தனுப்புவாரு. முடிச்சிட்டு வந்து திருப்பிக் குடுக்கணும். அதான் ஏற்பாடு."

"இப்ப யார் கிட்ட இருக்குது?"

"சவுரியம்மா. கம்பெனியில பெருக்கறவ. ரெண்டு தபா தேதி வாங்கினு ஆஸ்பத்திரி கேட்டு வரைக்கும் போயி ஓடியாந்துட்டா. முந்தாநேத்து அண்ணன்தான் ரயிலேத்தி வுட்டாரு. பாட்டிலைக் கையில வெச்சி, 'பயமா இருந்தா இதைப் பாரு. இவ்ளோதான் சமாச்சாரம்'னாரு. நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு அவளுக்கு ஆபரேஷன்."

கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்த சின்னசாமி முன்னால் வந்தார். "அப்போ போய் வாங்கினு வந்துடு பாய். பைக் இருக்குதில்ல?"

நயீம் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். "மணி ஒண்ணு பத்து. ரெண்டேகாலுக்கெல்லாம் அங்க. மூணே முக்காலுக்குள்ள வந்துடுவேன்."

"ஒரு மணி நேரம் தள்ளிப் போட்டுக்கலாம். பொழுதோட பொதைச்சா சரி. வண்டியை எடு."

நயீம் சாவியை எடுத்துவிட்டான். வாசல் வரை போய்விட்டான். ராஜம்மாளின் குரல் பின்னாலேயே வந்தது.

"பாய். அவகிட்ட இன்னா சொல்லி வாங்குவ?"

அவன் திரும்பினான். "அண்ணனுக்கு வேணுமாம்னு..."

"எதுக்கு வேணும்னு கேப்பா."

"டாக்டரு கேட்டாருன்னு ஏதாச்சும் சொல்லிக்கறேன் அண்ணி."

"காது கேக்காதவங்க நீ சொல்றதையா பாப்பாங்க? மூஞ்சியைப் பாப்பாங்க. உன் மூஞ்சியை ஒருதபா கண்ணாடியில பாரு."

நயீம் கழுத்துத் துணியால் முகத்தை அழுத்தித் துடைத்தான். துடைத்து என்ன பயன்? சிவந்த கண் சிவந்தேதான் இருந்தது.

ராஜம்மாளுக்கு அந்த வார்டு நினைவுக்கு வந்தது. ஆபரேஷனுக்கு முதல் நாள் சாயங்காலம். ஆதிகேசவன் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். "தலைக்குள்ள கத்தி வெக்கறாங்க. வேணாம். இப்படியே இருந்துடறேன்." அவள் கெஞ்சினாள், திட்டினாள், ஒன்றும் அவர் காதுக்குப் போகவில்லை. அடுத்த கட்டிலில் ஒரு வங்காளத்துப் பெரியவர். காதில் கட்டு. இரண்டு நாள் முன்னால் அதே ஆபரேஷன் ஆனவர். தமிழ் ஒரு சொல் தெரியாது. இவர்களுக்கு அவர் பாஷை தெரியாது. அவர் எழுந்து வந்து ஆதிகேசவன் கையில் ஒரு ஸ்பூனையும் எவர்சில்வர் டம்ளரையும் கொடுத்தார். வார்டின் கடைசிக்கு நடந்துபோனார். சுவரைப் பார்த்து, முதுகைக் காட்டி நின்றுகொண்டார். தட்டு என்று சைகை.

ஆதிகேசவன் தட்டினார். அந்த மூலையில் ஒரு விரல் உயர்ந்தது. இன்னும் மெதுவாகத் தட்டினார். விரல் உயர்ந்தது. தட்டாமல் இருந்தார். விரலும் இறங்கியே இருந்தது. பட்டென்று இரண்டு தட்டு. இரண்டு விரல்.

பத்து நிமிஷம் அப்படியே போயிற்று. கட்டுக்குள் மெல்ல ரத்தம் கசிகிற வயசாளி, முன்பின் தெரியாத ஆம்பூர்க்காரனுக்காக, நர்ஸ் வந்து அதட்டும்வரை சுவரைப் பார்த்து நின்றார். ஆதிகேசவன் செருப்பைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் விட்டார்.

அவர் பேர்கூடத் தெரியாது. மறுநாள் இவர் ஆபரேஷன் முடிந்து வருவதற்குள் கட்டில் காலி.

"சாவியை உள்ள வை பாய்," என்றாள் ராஜம்மாள்.

"அண்ணி..."

"வை. நாளைக்கு அவளுக்கு நல்லபடியா முடியட்டும். முடிஞ்சப்புறம் நீ போய் சொல்லு. இன்னிக்கி வேணாம். அவ ஊர்க்காரங்க யாருனா வேலூர் போறாங்களான்னு பாத்து அவங்ககிட்டயும் சொல்லி வை, வாயைத் தொறக்க வேணாம்னு."

சின்னசாமி துண்டை உதறினார். "ராஜம்மா, அவன் உன்கிட்டதானே சொன்னான், கூட அனுப்புன்னு? செத்தவன் வாக்கு."

"சொன்னாரு மாமா."

"அப்போ எலும்பு?"

"வேலையில இருக்குது."

"அது வந்து சேர்றப்ப இவன் மண்ணுக்குள்ள இருப்பான்."

"இருக்கட்டும். அடுத்தவன் ஒருத்தன் பயந்துனு நிப்பான், அவன் கைக்குப் போவும்."

"மேல எண்ணிப் பாத்தா?"

"கேட்டா அவரே பதில் சொல்லிக்குவாரு. இப்பதான் நல்லா கேக்குதில்ல அவருக்கு."

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது என்னவென்று உறைத்தது. சுகரா பேகம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். மோகனா அம்மாவின் கையைப் பிடித்தாள். சின்னசாமி காதிலிருந்த பீடியை எடுத்தார், பார்த்தார், மறுபடி காதிலேயே செருகிக்கொண்டார்.

"அப்பன் காலு..." என்று ஏதோ ஆரம்பித்தார். "சரி. நீ சொன்னா சரி. தண்ணி எடுக்கச் சொல்லு. நேரமாவுது."

அதன் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. குடம் குடமாகத் தண்ணீர் வந்தது. குளிப்பாட்டிப் புது வேட்டி கட்டினார்கள். தோல் கம்பெனிச் சாயம் ஏறி முப்பது வருஷமாக நீலம் பாரித்துப்போன நகங்களை நயீம் தன் கையால் தேய்த்துக் கழுவினான்; போகவில்லை. கம்பெனி ஆட்கள் ஷிப்ட் விட்டு வரத் தொடங்கினார்கள். பந்தலுக்குள் நுழைந்ததும் பேச்சு தானாகத் தாழ்ந்தது. அந்தக் கூட்டத்தில் நான்கு பேர், யாரோ மெதுவாகக் கூப்பிட்டதற்கு சட்டென்று திரும்பிப் பார்த்தார்கள். யார் அந்த நான்கு பேர் என்று ராஜம்மாளுக்கு நயீம் காட்டவேண்டியிருக்கவில்லை. அவர்களில் ஒருவன் அவள் முன்னால் வந்து நின்று, கும்பிட்டு, தன் காதைத் தொட்டுக் காட்டிவிட்டுப் போனான்.

வாய்க்கரிசி போட்டார்கள். மோகனா போட்டாள். சுகரா பேகம் தள்ளி நின்று கையேந்தித் துஆ செய்தாள். வெளியே மேளக்காரர்கள் வைக்கோலைக் கொளுத்திப் பறையைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் விரலால் சுண்டிப் பார்த்துவிட்டு மறுபடி தீயில் காட்டினார்.

சடங்கு செய்கிறவர் பஞ்சை உருட்டி இரண்டு மூக்குத் துவாரத்திலும் வைத்தார். காதுகளிலும் வைத்தார். விலகிக்கொண்டு, "மொகம் பாக்கறவங்க பாத்துக்குங்க" என்றார்.

ராஜம்மாள் குனிந்தாள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்து, வலது காதில் இருந்த பஞ்சை மெல்ல எடுத்தாள்.

சடங்குக்காரர் என்னவோ சொல்ல வாயெடுத்தார். சின்னசாமி அவர் தோளில் கை வைத்தார்.

இடது காதுப் பஞ்சை அவள் தொடவில்லை. வெளியே பறையில் முதல் அடி விழுந்தது.